தாமும் தத்தமும்

ஆங்கிலம் பயிலும் மாணவர் பலர் அரிய சொற்களைக் கண்டு அஞ்சுவர். எளிய சொற்களைக் கண்டு அஞ்சுவதில்லை. அகராதியைப் புரட்டுவதும் அரிய சொற்களின் பொருட்டேயாம். ஆயினும் மொழிபெயர்ப்பிற் பொருள் பிறழ்வது பெரும்பாலும் எளிய சொற்களிலேயே என்பது என் அனுபவம். அத்தகைய எளிய சொற்களுள் ஒன்று, 'தெம்ஸெல்வ்ஸ்' என்னும் ஆங்கிலத் தற்சுட்டுப் பன்மைப் பெயர். அச்சொல்லை நம் கல்லூரியின் இலக்கண வகுப்பில் யான் படித்தேன். தேர்விலும் பிழையின்றி எழுதினேன். ஆனால் அதன் இயல்பை உள்ளவாறு உணர்ந்தது, கல்லூரியை விட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னர், திருவான்மியூரில் மீன் விற்று வாழும் ஒரு மூதாட்டியின் வாயிலாகவே. அதனை ஈண்டு எழுதிவைப்பின் இளைய மாணவர்க்குச் சிறிதேனும் பயன்படும் என்று கருதி இவ்வியாசத்தை எழுதத் துணிந்தேன்.

திருவான்மியூர் பழம்பதி. வான்மீகி முனிவரின் பெயரோடு இவ்வூர்ப் பெயரை இணைத்துக் கூறுதல் மரபு. சம்பந்தரும் அப்பரும் பாடிய மருந்தீசர் கோயிலும் அதனைச் சூழ்ந்த மாட வீதிகளும் இன்றும் ஊருக்கு நடுநாயகமாக விளங்குகின்றன. அடையாற்றுக்குத் தெற்கே தனித்திருந்த ஊர் இப்பொழுது சென்னை மாநகரோடு ஒன்றாகிவிட்டது. எனினும் கடற்கரையை ஒட்டி மீனவர் குடியிருப்பு இன்னும் உள்ளது. அங்குள்ள பெண்டிர் சிலர் கூடி ஒரு சுய உதவிக் குழு அமைத்திருந்தனர். நம் மாநிலத்தில் இத்தகைய மகளிர் குழுக்கள் 1989ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தில் அரசினர் முயற்சியாகத் தொடங்கின என்பதும், குழுக்களை வங்கிகளோடு இணைத்துக் கடன் வழங்கும் முறை 1992இல் நபார்டு வங்கியால் பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பெற்றது என்பதும் பலர் அறிந்தனவே. அவ்வாறு கடன் பெற விழைந்த இக்குழுவினரிடம் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பத்திரம் கொடுக்கப்பட்டது. 'ஆங்கிலம் படித்தவர்' என்ற பெயர் எனக்கு அத்தெருவில் இருந்தமையால், அதனைத் தமிழில் எழுதித்தருமாறு குழுவின் தலைவியார் என்னிடம் கொணர்ந்தார்.

பத்திரத்தில் ஒரு வாக்கியம். கடனைத் திருப்பிச் செலுத்துதற்கு உறுப்பினர் 'தெம்ஸெல்வ்ஸ்' பொறுப்பாவர் என்பது அதன் கருத்து. யான் சிறிதும் தயங்காமல், 'இக்கடனுக்கு உறுப்பினர்கள் தாங்களே பொறுப்பாவார்கள்' என்று எழுதினேன். இலக்கணத்தில் யாதொரு வழுவும் இல்லை. மறுநாள் மாலை, ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, கூடியிருந்த பதினான்கு பெண்களுக்கும் அதனைப் படித்துக் காட்டினேன். அவ்வாக்கியம் வந்ததும் மூதாட்டியார் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"ஐயா, தாங்களே பொறுப்பு என்று படித்தீர்களே, நான் வாங்கும் பணத்துக்கு நான் பொறுப்பா? இல்லை, இவர்கள் பதினான்கு பேரும் வாங்கும் பணத்துக்கு நான் பொறுப்பா?"

அருகிலிருந்த இளம்பெண் ஒருத்தி, "தாங்கள் என்றால் மரியாதையாக நீங்கள் என்றுதானே பொருள்? அப்படியானால் பணம் கொடுக்கிறவரே பொறுப்பு என்று எழுதியிருக்கிறதோ?" என்று கேட்க, எல்லாரும் நகைத்தனர். யானும் நகைத்தேன். ஆனால் மூதாட்டியார் நகைக்கவில்லை. விடையை எதிர்பார்த்து என் முகத்தையே நோக்கியிருந்தார். எனக்கு விடை தெரியவில்லை. பத்திரத்தை மீண்டும் ஆங்கிலத்திற் படித்தேன். அதிலும் விடை இல்லை.

இஃது எத்துணைப் பெரிய வேறுபாடு என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குவேன். பத்துப் பேர் ஆளுக்குப் 10,000 ரூபாய் பெற்றனர் என்று கொள்வோம். தனித்தனிப் பொறுப்பாயின் ஒருத்தி தன் 10,000 ரூபாயைச் செலுத்தியவுடன் கவலை நீங்கி உறங்கலாம். கூட்டுப் பொறுப்பாயின், மற்ற ஒன்பதின்மரும் செலுத்தத் தவறினால் 1,00,000 ரூபாயும் அவள் ஒருத்தியின் தலைமேல் வரக்கூடும். இது வெறுங் கற்பனையன்று. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டினது. அதன் 43ஆம் பிரிவு, பலர் கூடி ஒரு வாக்குறுதி அளித்தவிடத்து, வேறு வகையாக வெளிப்படக் கூறப்படாதாயின், அவருள் எவரையேனும் அவ்வாக்குறுதி முழுவதையும் நிறைவேற்றுமாறு கேட்கலாம் என்று கூறுகிறது. முழுவதையும் செலுத்தியவர் ஏனையோரிடம் அவரவர் பங்கைக் கேட்டுப் பெறலாம் என்பதும் அப்பிரிவிலேயே உண்டு. ஆனால் அன்றன்று மீன் விற்று அன்றன்று உண்ணும் ஒருத்திக்கு அந்தப் பிற்பகுதி எத்துணை ஆறுதல் தரும்?

இனி, ஆங்கிலச் சொல்லின் இயல்பைச் சிறிது ஆராய்வோம். 'தெம்ஸெல்வ்ஸ்' என்பது இரண்டு வேலைகளைச் செய்கிறது. செய்தவரும் செயப்பட்டவரும் ஒருவரேயாதலை உணர்த்துவது ஒன்று; அவர்கள் தம்மைத் தாமே நொந்துகொண்டனர் என்பது போல. வேறு எவரும் அல்லர், இவர்களே என்று அழுத்திக் கூறுவது மற்றொன்று. தலைவர்களே நேரில் வந்தனர் என்பது போல. யான் மொழிபெயர்த்த வாக்கியத்தில் வந்தது இவ்விரண்டாவது வகை. அது, பொறுப்பு வெளியாரிடம் செல்லாது என்பதை மட்டும் கூறும். உள்ளிருப்போர் அப்பொறுப்பைத் தம்முள் எவ்வாறு பகிர்ந்துகொள்வர் என்பது பற்றி அச்சொல் வாய் திறவாது. ஆங்கில வழக்கறிஞர் இதனை நன்கு அறிவர். ஆதலின் அவர்கள் இத்தகைய இடங்களில் இச்சொல்லை நம்பியிராமல், கூட்டாகவும் தனித்தனியாகவும் என்று பொருள்படும் ஒரு தொடரை விரித்தெழுதுவர். எனக்கு வந்த பத்திரத்தில் அத்தொடர் இல்லை.

இச்சொல் பிறந்த வரலாறும் நோக்கத்தக்கது. பழைய ஆங்கிலத்தில் தற்சுட்டுக்கெனத் தனிப்பெயர் இல்லை. சாதாரண இடப்பெயரே அதற்கும் பயன்பட்டது. 'ஸெல்ஃப்' என்பது அழுத்தத்தின் பொருட்டு உடன்வரும் சொல்லாக இருந்து, காலப்போக்கில் இடப்பெயரோடு ஒட்டியது. 'ஸெல்வ்ஸ்' என்னும் பன்மை வடிவம் நிலைபெற்றது 16ஆம் நூற்றாண்டிலேயாம். ஒட்டியதும் ஒரே முறையில் அன்று. தன்மையிலும் முன்னிலையிலும் ஆறாம் வேற்றுமை வடிவோடும், படர்க்கையில் இரண்டாம் வேற்றுமை வடிவோடும் ஒட்டியது. ஆதலின் 'தேர்ஸெல்வ்ஸ்' என்று எழுதும் மாணவனை ஆசிரியர் திருத்துவது முறையே எனினும், அவன் ஒழுங்கை நாடியே பிழைசெய்தான் என்பதையும் அவர் நினைவிற் கொள்ளல் நன்று.

நம் மொழியின் நிலை யாது? தாம் என்பது பன்மைக்கு உரியது, தான் என்பது ஒருமைக்கு உரியது என்று தொல்காப்பியர் தெளிவாக வரையறுத்தார். இவற்றை உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாகிய பெயர்களுள் வைத்தார். வேற்றுமை ஏற்கும்பொழுது இவை முதல் குறுகித் தம் என்றும் தன் என்றும் ஆதலை நன்னூலும் கூறும். கால்டுவெல் ஐயர் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இப்பெயரைத் தனியே எடுத்து ஆராய்ந்துள்ளார். தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் இதன் உறவுச் சொற்கள் வழங்குகின்றன. ஆகவே ஆங்கிலம் ஒட்டுப்போட்டு அமைத்துக்கொண்ட பொருளுக்கு நம்மிடம் தொன்றுதொட்டே தனிச்சொல் இருந்தது.

அதனினும் சிறந்ததொன்று உண்டு. தம் என்பதை இரட்டித்தால் தத்தம் என்றாகும். மாணவர் தம் அறைக்குச் சென்றனர் என்றால் அறை ஒன்றோ பலவோ என்பது ஐயத்திற்கு இடமாகும். தத்தம் அறைக்குச் சென்றனர் என்றால் ஒவ்வொருவரும் தமக்குரிய அறைக்குச் சென்றமை ஐயமின்றி விளங்கும். மயிலாப்பூரோடு மரபு இணைத்துப் பேசும் திருவள்ளுவர், மக்களின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலே உரைகல் என்று கூறுமிடத்துத் தத்தம் என்ற இச்சொல்லையே ஆண்டார். பிறர் செயலுக்கு ஒருவரை உரைத்துப் பாராதே என்னும் நீதி அவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளது. இது தனித்தனிப் பொருள். கூட்டுப் பொருளுக்கு எல்லாரும் சேர்ந்து என்று கூறலாம். பகிர்வுப் பொருளுக்குத் தம்முள் உண்டு. பரிமாற்றப் பொருளுக்கு ஒருவர்க்கொருவர் உண்டு. இத்தனை கருவிகள் கையிலிருந்தும், யான் 'தாங்களே' என்ற ஒன்றை எடுத்து எழுதிவிட்டேன். குற்றம் மொழியினதன்று, எழுதியவனது.

தன்மைப் பன்மையிலும் இத்தகைய இடர் உண்டு. 'அவர்ஸெல்வ்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல், கேட்பவரை உளப்படுத்துமோ உளப்படுத்தாதோ என்பதைக் காட்டாது. தமிழில் நாமே என்றும் நாங்களே என்றும் இரண்டுள்ளன. கடன் கொடுப்பவரிடம் அளிக்கும் பத்திரத்தில் 'கடனை நாமே செலுத்துவோம்' என்று எழுதினால், கொடுப்பவரும் செலுத்துவாருள் ஒருவர் ஆகிவிடுவார்! நகைப்புக்குரியதே எனினும், இத்தகைய வாக்கியங்களை அச்சிட்ட தாள்களிலேயே யான் கண்டதுண்டு.

எனினும் தமிழே எவ்விடத்தும் தெளிவுடையது என்று பெருமை பேசுதலும் நேர்மையன்று. அவர்கள் அடித்துக்கொண்டார்கள் என்றால், ஒருவரையொருவர் அடித்தனரா, துயரத்தால் தம் மார்பிலே அடித்துக்கொண்டனரா என்பது இடம் நோக்கியே அறியப்படும். தாம், தாங்கள் என்னும் படர்க்கைப் பெயர்கள் மரியாதை காரணமாக முன்னிலைக்கும் வந்துவிட்டன. இளம்பெண்ணின் வினாவுக்குக் காரணம் அதுவே. மேலும், தம் வரவேண்டிய இடத்தில் தன் என்பதைப் பெய்து, 'மாணவர்கள் தனது கடமையைச் செய்தனர்' என்று எழுதும் வழக்கம் நாளிதழ்களிலும் மேடைகளிலும் பெருகிவருகிறது. கடமை யாருடையது? மாணவர் பலர், 'தனது' என்பதோ ஒருவரைச் சுட்டும். தமது என்று ஓர் எழுத்தை மாற்றினால் வழு நீங்கும். தத்தம் என்றால் பொருளும் கூர்மையடையும். இச்சிறு வேறுபாட்டை இழந்துவிட்டால், நம் முன்னோர் நமக்கு வைத்துப்போன நல்லதொரு கருவியை நாமே துருப்பிடிக்க விடுவோம்.

மொழிபெயர்ப்பாளர் இத்தகைய இடங்களில் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு நம் கல்லூரி மாணவர் நன்கறிந்த நூல் ஒன்றிலிருந்தே ஒரு சான்று காட்டலாம். பவுல் அப்போஸ்தலர் கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில், மூன்றாம் அதிகாரம் பதின்மூன்றாம் வசனம், தாங்குதலையும் மன்னித்தலையும் பற்றியது. கிரேக்க மூலத்தில் தாங்குதலைக் கூறுமிடத்து ஒருவரையொருவர் என்று பொருள்படும் சொல் வந்துள்ளது. மன்னித்தலைக் கூறுமிடத்தோ தற்சுட்டுப் பன்மைப் பெயர் வந்துள்ளது. சொல்லுக்குச் சொல் வைப்பதாயின், உங்களையே மன்னித்துக்கொள்ளுங்கள் என்றல்லவா எழுத நேரும்? பிறர் செய்த பிழையை மன்னித்தற்குப் பதிலாகத் தம் பிழையைத் தாமே மன்னித்துக்கொள்ளும் எளிய வழியன்றோ அது! கிரேக்கத்தில் அத்தற்சுட்டுப் பன்மை சிலவிடத்து ஒருவர்க்கொருவர் என்னும் பொருளிலும் வழங்கும் என்பதை அறிந்த மொழிபெயர்ப்பாளர், 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதத்திலும் நம் தமிழ் வேதத்திலும், இரண்டிடத்தும் பரிமாற்றப் பொருளையே கொண்டனர். அவர்கள் சொல்லைக் கண்டதோடு நில்லாமல், யார் யாருக்கு எதைச் செய்வது என்று வினவிய பின்னரே எழுதினர்.

ஈண்டு ஒரு தடை எழுப்பப்படலாம். 'மூலத்தில் இருபொருள் இருப்பின் மொழிபெயர்ப்பிலும் இருபொருள் இருத்தலே முறை. ஐயத்தை நீக்குவது மொழிபெயர்ப்பாளன் வேலையன்று. அவன் நீக்கத் துணிந்தால் தன் கருத்தைப் புகுத்தியவன் ஆவான்' என்று அறிஞர் சிலர் கூறுவர். இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. கவிதையில் இருபொருள் அழகாதலும் உண்டு. அங்கே அதனைக் காப்பதே கடமை. பத்திரத்திலும், யானே ஒரு பொருளைத் தெரிந்தெடுத்துத் தத்தம் என்று எழுதியிருந்தால் அது மூலத்தில் இல்லாத வாக்குறுதியாகி, அப்பெண்களைப் பொய்யான நம்பிக்கையில் வைத்திருக்கும். ஆகவே யான் கூறுவது மொழிபெயர்ப்பாளன் ஐயத்தைத் தானே தீர்க்கவேண்டும் என்பதன்று. ஐயம் உண்டென்பதை அவன் உணர வேண்டும். உணர்ந்தபின் எழுதியவரிடம் சென்று கேட்க வேண்டும். கேட்டறிந்ததைக் கையொப்பமிடுவோர்க்கு மறைக்காமல் கூற வேண்டும். ஐயத்தை ஒரு நல்ல சொல்லால் மூடிவைப்பதே குற்றம். யான் செய்தது அதுவே.

பின்னர் யாது நிகழ்ந்தது என்று வாசகர் வினவக்கூடும். யானும் தலைவியாரும் பத்திரம் அளித்தவரிடம் சென்று கேட்டோம். பொறுப்பு கூட்டுப் பொறுப்பே என்று அவர் தெளிவாகக் கூறினார். அவ்வாக்கியத்தை அடித்துவிட்டு, 'ஒருவர் செலுத்தத் தவறினால் அவர் பங்கையும் ஏனையோர் சேர்ந்து செலுத்த வேண்டும். ஒவ்வொருவரும் முழுத்தொகைக்கும் பொறுப்பாவார்' என்று எழுதி மீண்டும் திண்ணையில் படித்தேன். கூட்டம் நெடுநேரம் மௌனமாயிருந்தது. இருவர் இக்கடன் வேண்டாம் என்று விலகினர். மூதாட்டியார் எஞ்சியோரை ஒருவர்பின் ஒருவராக நோக்கி, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, "நீ கட்டுவாயா?" என்று கேட்டார். எல்லாரும் விடை கூறிய பின்னரே தம் பெருவிரல் ரேகையைப் பதித்தார். முதல்நாளில் யான் படித்ததைக் கேட்டு உடனே பதித்திருப்பாராயின், தாம் எதற்கு இசைந்தோம் என்பதை அறியாமலே பதித்திருப்பார். விலகிய இருவரும் விலகுதற்கு வழியின்றிச் சிக்கியிருப்பர்.

திருவான்மியூருக்கு அணித்தே பெசன்ட் நகரில் மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்களின் பெயரால் 1943இல் நிறுவப்பெற்ற நூல்நிலையம் உள்ளது. அங்கே இலக்கண ஏடுகளைக் காணும்பொழுதெல்லாம் எனக்கு அம்மூதாட்டியாரின் வினா நினைவுக்கு வருகிறது. அவர் எழுத்தறியாதவர். ஆயினும் ஒருமை பன்மை என்றும் தனிமை கூட்டு என்றும் இலக்கணிகள் வகுத்தது எதன்பொருட்டோ, அதனை அவர் அறிந்திருந்தார்.

நம் கல்லூரியார்க்கு ஒரு விண்ணப்பம் செய்து இவ்வியாசத்தை முடிக்கிறேன். மொழிபெயர்ப்புப் பாடத்தில் இப்பன்மைத் தற்சுட்டுப் பெயர்கள் வருமிடத்து, வடிவத்தை மட்டும் கற்பித்து நிறுத்தாமல், நான்கு வினாக்களை மாணவர் எழுப்புமாறு பழக்கவேண்டும். தம்மையே சுட்டுகிறதா? பிறர் அல்லர் என்று அழுத்துகிறதா? தனித்தனியா, கூட்டா? ஒருவர்க்கொருவரா? இந்நான்குக்கும் விடை கிடைத்த பின்னரே தமிழ்ச் சொல்லைத் தேடவேண்டும். விடை மூலத்திற் கிட்டாவிடின், கிட்டவில்லை என்று விளிம்பில் குறிக்கும் மாணவனுக்கு மதிப்பெண் குறைத்தலாகாது. கூட்டியே அளித்தல் வேண்டும். கல்லூரியை விட்டுச் செல்லும் நம்மிற் பலர் என்றேனும் ஒருநாள் தம் தெருவில் பிறருக்காக ஒரு பத்திரத்தைப் படித்துச் சொல்ல நேரும். அன்று, படித்து முடித்தவுடன் பேனாவை நீட்டாமல், கேட்டவர்களுள் எவரேனும் கையை உயர்த்துகின்றனரா என்று சற்றே பொறுத்திருந்து பார்ப்போமாக.